இடம் நிரப்ப ஒரு பெயர்

இந்த பஸ் இப்போதைக்கு நகராது அக்கா. கண்டக்டரிடம் கேட்டுப் பிரயோசனமில்லை, அவர் டீக்கடைக்குப் போயாயிற்று. தடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற கான்ஸ்டபிளிடம் கேட்டால் மேலிடத்து உத்தரவு என்பார். அந்த மேலிடம் நான்தான். அதாவது, அந்த அறிவிப்பை எழுதியது நான். 'ராக்கெட் ஏவப்படும் வரை உடன்குடிக்குத் தெற்கே சாலைப் போக்குவரத்து நிறுத்தி வைக்கப்படும், பொதுமக்களின் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று எல்லாப் பேப்பரிலும் வந்ததே. நீங்கள் பார்க்கவில்லையா? பரவாயில்லை. எழுதிய நானே மறந்துபோய்த்தானே இதில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன்.

இவனைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா? பையை இறக்கி வைத்துவிடுகிறேன். ரெமி என்று பெயர். யாரிடமும் போவான். இப்போதுதான் தவழ்கிறான்.

நீங்கள் எதுவரை? திசையன்விளையா. மகளுக்குப் பிரசவமா, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்றா. வலி எடுக்கவில்லை என்றால் நேரம் இருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை அக்கா. ஐயோ, மன்னித்துக்கொள்ளுங்கள். அது எனக்குத் தொழில் வாக்கியம். வாயில் தானாக வந்துவிடுகிறது.

அந்தப் பனைகளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கோபுரம் தெரிகிறது பாருங்கள், இந்தச் செம்மணல் தேரிக்காட்டுக்கு அந்தப் பக்கம். அது நீள்வான் கம்பெனி. பணம் கட்டுகிறவர்களை ராக்கெட்டில் ஏற்றி, வானம் கறுப்பாகத் தெரிகிற உயரத்துக்குக் கொண்டுபோய், கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, பாராசூட்டில் திரும்ப இறக்கிவிடுவார்கள். அதாவது இறக்கிவிடப் போகிறார்கள். இதுவரை யாரையும் ஏற்றவில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை. அங்கே எனக்கு மக்கள் தொடர்பு வேலை. பத்திரிகைக்காரர்கள் எங்களைப் பற்றி என்ன எழுத வேண்டுமோ அதை அவர்களுக்கு முன்பே நாங்கள் எழுதிக் கொடுத்துவிடுவது.

தூத்துக்குடியில் கான்வென்டில் படித்தவள், அதனால் இங்கிலீஷ் வரும். வீரபாண்டியன்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள், அதனால் கடற்கரைப் பேச்சும் வரும். இரண்டும் வருகிற ஆள் அவர்களுக்குத் தேவையாக இருந்தது. ராக்கெட் விடுகிற அன்று யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்பதை வள்ளக்காரர்களிடம் யாராவது சொல்ல வேண்டுமே. கம்பெனி முதலாளி நிரஞ்சன் சார் அமெரிக்காவில் இருந்து வந்தவர். அவர் போய்ச் சொன்னால் அடிப்பார்கள்.

எங்கள் ஆபீஸில் சில வார்த்தைகள் கிடையாது அக்கா. ஆபத்து கிடையாது. விழுந்தது கிடையாது, இறங்கியது. பயணி என்றுகூடச் சொல்ல மாட்டோம், விருந்தினர். வெடித்தது என்பது கிடையவே கிடையாது. போன மழைக்கு முன்னால் ஆள் இல்லாமல் ஒன்றை விட்டுப் பார்த்தார்கள். உங்களுக்கும் கேட்டிருக்குமே, உவரி வரைக்கும் சத்தம் கேட்டது. நான் எழுதினேன்: 'சோதனைப் பயணம் திட்டமிட்டதைவிட முன்னதாகவே நிறைவுற்றது. பயனுள்ள தகவல்கள் பெறப்பட்டன.' நிரஞ்சன் சார் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று கைகொடுத்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதன் கதவு மணப்பாட்டில் ஒரு வள்ளக்காரரின் வலையில் சிக்கியது. அவர் அதைக் கொண்டுபோய் ஆட்டுக்கொட்டிலுக்குப் போட்டுவிட்டார். திருப்பிக் கேட்கப் போனது நான்தான். வெடித்ததுதானே என்று கேட்டார். முன்னதாக நிறைவுற்றது என்றேன். எங்க அப்பாவும் அப்படித்தான் நிறைவுற்றார் என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குக் குழை போடப் போய்விட்டார். கதவு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதில்லை. நான் சொல்ல வந்தது ஒரு பெயரைப் பற்றி.

அந்த முன்னதாக நிறைவுற்றதற்குப் பிறகு, இடம் பதிவு செய்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். வைர வியாபாரி ஒருவருக்குத் திடீரென்று மகள் கல்யாணம். கோயம்புத்தூர் மில்காரர் ஒருவருக்கு முழங்கால் வலி. மேலே போனால் முழங்காலுக்கு வேலையே இல்லை, மிதக்கத்தான் போகிறார், அதை எடுத்துச் சொன்னேன். கேட்கவில்லை. இப்படியே போனால் கோபுரத்துக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான் என்றார்கள். எங்கள் ஊரில் இருந்து மட்டும் எத்தனை பேர் அங்கே வேலைக்குப் போகிறார்கள் தெரியுமா? என் மதினியின் வீட்டுக்காரர்கூட அங்கேதான் கேட் செக்யூரிட்டி.

நிரஞ்சன் சார் கூட்டம் போட்டார். ஜனங்களுக்கு நம்பிக்கை வருகிற மாதிரி யாராவது பேச வேண்டும், விஞ்ஞானி வேண்டாம், சினிமாக்காரர் வேண்டாம், வேறு யார் என்று கேட்டார். நான்தான் சொன்னேன், ஒரு தாய் சொன்னால் நம்புவார்கள் சார் என்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

பேப்பரில் ஒருவர் சொன்னதாகப் போடுகிறார்களே, அது அவர் பேசி நாங்கள் எழுதிக்கொள்வது என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை அக்கா. முதலில் நாங்கள் எழுதுவோம். பிறகு அதைச் சொல்வதற்கு ஆள் தேடுவோம். ஆள் கிடைத்ததும் அவரிடம் காட்டுவோம், அவர் தலையாட்டுவார், அவர் சொன்னதாக ஆகிவிடும். எல்லா இடத்திலும் அப்படித்தான். ஆள் கிடைக்கும்வரை பெயர் வர வேண்டிய இடத்தைச் சும்மா விடக் கூடாது. கோடு போட்டு விட்டால் நிரஞ்சன் சாருக்குப் படிக்கும்போது தடுக்கும், உணர்ச்சி வராது என்பார். அதனால் வாயில் வருகிற ஏதாவது ஒரு பெயரைப் போட்டு வைப்போம். ஒரு மந்திரியின் வாழ்த்துரைக்கு ஆபீஸ் டிரைவர் பெயரைப் போட்டு வைத்திருக்கிறேன். அதற்காக டிரைவர் மந்திரி ஆகிவிட்டாரா?

நான் எழுதியது இதுதான்: 'ஒரு தாயாகச் சொல்கிறேன். என் கைக்குழந்தையை விட்டுவிட்டு நாளைக்கே போகச் சொன்னாலும் கிளம்பிவிடுவேன். அவ்வளவு பாதுகாப்பு.' கீழே இடம் நிரப்ப என் பெயரைப் போட்டேன். ஜெசிந்தா கிளாட்வின். என் பெயர் அக்கா. கிளாட்வின் என் வீட்டுக்காரர்.

ஆள் தேடினேன், தேடாமல் இல்லை. கணக்குப் பிரிவில் ஒரு பெண்ணுக்குச் சின்னக் குழந்தை இருந்தது, அவள் அம்மா போனிலேயே அழுதுவிட்டார்கள். கேன்டீனில் ஒருத்தி, போய்ட்டு வாறதுன்னா சொல்லலாம், போறது மட்டும்னா நான் சொல்ல மாட்டேன் என்றாள். இன்னும் ஒருவரிடம் கேட்கலாம் என்று இருந்தபோது நிரஞ்சன் சாருக்கு டி.வி.யில் பேட்டி வந்துவிட்டது. என் மேஜையில் இருந்த தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நேரலை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மிக நன்றாகப் படித்தார். 'கைக்குழந்தை' என்கிற இடத்தில் லேசாகக் குரல் கம்மியது. பேட்டி எடுத்த பெண், யார் சார் அந்தத் தாய் என்று கேட்டாள். அவர் தாளைக் குனிந்து பார்த்தார். எங்கள் ஜெசிந்தா என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். முதல் பயணத்திலேயே போகிறார் என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் எழுதவில்லை அக்கா. அது அவரே சொன்னது. அவர் சொந்தமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கண்டக்டர் வருகிறார். வெறும் டம்ளரோடு வருகிறார், தகவல் எதுவும் இருக்காது.

அன்றைக்கே மறுத்திருக்கலாமே என்கிறீர்கள். எப்படி மறுப்பது? சாயங்காலத்துக்குள் அந்த முழங்கால் வலிக்காரர் போன் செய்து தனக்குச் சரியாகிவிட்டது என்றார். பயமாக இருக்கிறது என்று நான் சொன்னால் நான் எழுதியது பொய் என்று ஆகிவிடும். எழுதியது பொய் இல்லை. அதைச் சொல்கிற ஆள்தான் தப்பான ஆள். இந்த வித்தியாசம் வெளியில் இருப்பவர்களுக்குப் புரிவது கஷ்டம்.

வீட்டுக்குப் போனால், என் வீட்டுக்காரர் வாசலிலேயே நிற்கிறார். ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறார், பெரிதாகப் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு முகமெல்லாம் பல். அவருடைய கூட்டாளிகள் பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். என் கல்யாண போட்டோவில் இருந்து தலையை மட்டும் எடுத்து ஹெல்மெட்டுக்குள் வைத்திருந்தார்கள். நெற்றிச்சுட்டியோடு. உனக்குப் பயமில்லையாட்டி என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பயப்பட ஒன்றும் இல்லை என்றேன். நான்தான் சொன்னேனே, அது வாயில் தானாக வரும். அவர் நம்பிவிட்டார். பிறகு கேட்கவே இல்லை.

கம்பெனி டாக்டரை நம்பியிருந்தேன். பால் கொடுக்கிற தாய் போகக் கூடாது என்று அவர் சொல்லிவிடுவார், அத்தோடு முடிந்தது என்று இருந்தேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல இதயத்தைப் பார்த்து நாளாயிற்று என்றார். பாலைப் பற்றி நானே ஞாபகப்படுத்தினேன். பால் மறக்கடித்துவிடுங்கள், நாள் இருக்கிறதே என்றார்.

மதினி கற்றாழைச் சோற்றை எடுத்து வந்து தடவிவிட்டார். ரெஜினா மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா. நல்ல மாதிரிதான், என் பிள்ளைக்கும் அவர் கைதான் பழக்கம். இவன் ஒரு வாய் வைத்தான். எடுத்தான். என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு எங்கள் ஆபீஸில் வார்த்தை கிடையாது. இரண்டாம் தடவையும் வந்து பார்த்தான், அப்போதும் கசந்தது. பிறகு அவன் வரவில்லை. மதினி தன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு நெஞ்செல்லாம் கட்டிக்கொண்டு காய்ச்சல். காய்ச்சலைக் காட்டியாவது தப்பிக்கலாம் என்று டாக்டரிடம் போனேன். மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் விட்டுவிட்டது.

கோவிலில் சாமியார் ஞாயிறு பூசையில் எனக்காக ஜெபிக்கச் சொன்னார். 'விரைவில் வானகம் செல்லவிருக்கும் நம் சகோதரி ஜெசிந்தாவுக்காக' என்று ஆரம்பித்தவர், கோவிலே அமைதியானதைப் பார்த்துவிட்டு, சென்று நலமுடன் திரும்பவிருக்கும் என்று சேர்த்துக்கொண்டார். அதற்குள் முன்வரிசையில் ஒரு கிழவி முக்காட்டை இழுத்துவிட்டுச் சிலுவை போட்டாயிற்று. நான் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தேன். கான்வென்டில் எங்களுக்கு அதைத்தான் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன் அக்கா. ஓடி வருகிற அளவுக்கு இதில் எதுவும் இல்லை. மீன்குழம்பில்தான் வந்தது வினை.

ஒவ்வொரு தடவை ராக்கெட் விடும்போதும் நாங்கள் இரண்டு அறிக்கை எழுதி வைத்துக்கொள்வோம். நல்லபடியாகப் போனால் கொடுக்க ஒன்று, இல்லாவிட்டால் கொடுக்க ஒன்று. நடந்த பிறகு உட்கார்ந்து எழுதினால் தப்பு வரும். எல்லா ராக்கெட்காரர்களும் செய்வதுதான். இந்தத் தடவையும் எழுத வேண்டியது நான்தானே. முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிட்டேன். இரண்டாவதில் என் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று யோசித்தேன். 'துணிச்சல்மிக்க' என்று போட்டேன், கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது, எடுத்துவிட்டேன். 'நேசத்துக்குரிய' என்று போட்டேன். குடும்பத்தார் சொன்னதாக இரண்டு வரி வேண்டும். எழுதினேன். 'ஜெசிந்தா தன் கனவைத் தேடிப் போனாள். அவள் எங்கள் நினைவில் என்றும் புன்னகைத்துக்கொண்டிருப்பாள். - கணவர் கிளாட்வின்.'

ஆளிடம் காட்டித் தலையாட்டல் வாங்க வேண்டும், முறை அதுதான். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்திருந்தார். வாவல் மீன் குழம்பு. வாசித்துக் காட்டினேன். முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். தலையை ஆட்டினார்.

"நல்லா இருக்கு. பிள்ளையை நான் பாத்துக்கிடுவேன்னு ஒரு வரி சேத்துரு."

இவ்வளவுதான் சொன்னார். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். போட்டேன்.

வேலைக்கு வந்ததில் இருந்து எத்தனையோ பேரிடம் இப்படி வாசித்துக் காட்டியிருக்கிறேன். எல்லோரும் ஒரு வார்த்தையாவது மாற்றச் சொல்வார்கள். நான் இப்படிப் பேச மாட்டேனே என்பார்கள். இவர் மாற்றச் சொல்லவில்லை, சேர்க்கச் சொன்னார். அதுவும் நல்ல வரி. அதைச் சேர்த்ததும் அறிக்கை நிறைவாகிவிட்டது. நான் இல்லாமல் அந்த வீட்டில் எல்லாம் நடக்கும் என்று அச்சில் பார்த்தது மாதிரி இருந்தது. அப்போதுதான் அக்கா, குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் வீட்டுக்காரர் பைக்கில் முன்னால் போய்விட்டார். எனக்குக் கம்பெனி கார் வருவதற்கு முன்னாலேயே, கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிறேன் என்று மதினியிடம் சொன்னேன். பிள்ளையையும் தூக்கிக்கொண்டேன். மாதா கெபியைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு பஸ் நின்றது, ஏறிவிட்டேன். கண்டக்டர் எங்கே என்று கேட்டார். கடைசி ஸ்டாப் என்றேன். போனை அணைத்துவிட்டேன். நான் இல்லை என்று தெரிந்தால் அவர்களாக என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

என்ன சொல்கிறார் கண்டக்டர்? கொஞ்சம் இருங்கள், கேட்போம்.

கேட்டீர்களா? 'ஒரு பொம்பளை இன்னும் வந்து சேரலையாம். அவ வந்தாத்தான் விடுவாங்களாம். அதுவரைக்கும் ரோட்டைத் திறக்க மாட்டாங்களாம்.' பின்சீட்டில் ஒருவர், சேலை கட்டி முடிக்கலையோ என்னமோ என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நாமும் சிரித்துவைப்போம். தேடுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. பின்னால் எத்தனை லாரி நிற்கிறது பாருங்கள். மீன் வண்டிகூட நிற்கிறது, ஐஸ் உருகுமே.

உங்கள் போன் அடிக்கிறது அக்கா. இவனை என்னிடம் கொடுங்கள்.

என்ன? அழாதீர்கள். மெதுவாகச் சொல்லுங்கள். வலி எடுத்துவிட்டதா. உள்ளே கொண்டுபோய்விட்டார்களா. அம்மா எங்கே அம்மா எங்கே என்கிறாளா. மாப்பிள்ளை ஊரில் இல்லையா. அப்படியானால் அவள் பக்கத்தில் யாருமே...

நடந்து போக முடியாது அக்கா, உட்காருங்கள். அந்தப் பக்கம் போனாலும் வண்டி கிடைக்காது, எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறார்கள். எழுதியது நான்தானே, எனக்குத் தெரியும்.

நிரஞ்சன் சாருக்குப் போன் செய்கிறேன். செய்கிறேன் அக்கா. என்ன வார்த்தையில் சொல்வது என்று யோசிக்கிறேன், அவ்வளவுதான். 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று ஆரம்பித்தால் என்ன காரணம் என்று கேட்பார். 'குடும்பச் சூழ்நிலை' என்றால் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். 'உடல்நிலை' என்றால் அந்த டாக்டர் பக்கத்திலேயே இருப்பார், இவ்வளவு நல்ல இதயம் என்பார். ஒரு நல்ல வாக்கியம் கிடைத்துவிட்டால்...

என்ன சொன்னீர்கள்?

"பயமா இருக்குன்னா பயமா இருக்குன்னு சொல்லிரு மக்கா. இதுக்குப் போயி."

சரி.

"சார், ஜெசிந்தா பேசுகிறேன். நான் வரவில்லை சார். பயமாக இருக்கிறது."

ஆமாம் சார். இல்லை சார். பயம்தான், வேறு காரணம் எதுவும் இல்லை. பக்கத்தில் இல்லை சார், பஸ்ஸில் இருக்கிறேன். உங்கள் தடுப்புக்குத்தான் முன்னால் நிற்கிறது, ஆள் அனுப்பினாலும் இறங்க மாட்டேன். சரி சார். சரி. நன்றி சார்.

வைத்துவிட்டார். திட்டவில்லை அக்கா. திட்டுவார் என்று தயாராக இருந்தேன். பக்கத்தில் யாரிடமோ, அந்த சீட்டில் அவள் எடைக்கு மண் போட முடியுமா என்று கேட்டார். எல்லாப் பக்கமும் எடை சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நேராகப் போகாது. முடியும் என்றார்கள். கோபுரத்துக்குக் கீழே தேரி மண்தானே, அள்ளி மூட்டை கட்ட வேண்டியதுதான். என் எடை அவர்களிடம் இருக்கிறது. மூட்டைக்கு என் உடுப்பை மாட்டி ஹெல்மெட்டையும் வைத்துவிடுவார்களாம். அறிக்கையை மாற்ற நேரம் இல்லையாம், அதனால் வெளியில் சொல்லப் போவதில்லையாம். ஒன்று மட்டும் என்னிடம் சொன்னார், சாயங்காலம் வரைக்கும் யார் கண்ணிலும் பட்டுவிடாதே என்று.

எனக்குப் பதில் மண் போதும் என்றால் இதை முதலிலேயே செய்திருக்கலாம். எனக்குத்தான் தோன்றவில்லை.

அதோ மூன்று தடவை சைரன் அடிக்கிறது. போகப் போகிறது அக்கா, போனவுடன் திறந்துவிடுவார்கள். எல்லோரும் இறங்குகிறார்கள். நான் வரவில்லை. நீங்களும் இறங்க வேண்டாம், சன்னலில் தெரியும். பனைகளுக்கு மேலே பாருங்கள். இவன் காதைப் பொத்திக்கொள்கிறேன், சத்தம் பின்னால்தான் வரும்.

போகிறது. நேராகத்தான் போகிறது. நல்ல எடை.

வந்தது பாருங்கள் சத்தம். பஸ் முழுக்க நடுங்குகிறது. இவன் சிரிக்கிறான், பாருங்கள் இவனை.

உள்ளே ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள் அக்கா. அவர்கள் நிஜம். அவர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். நானும் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முன்சீட்டு அம்மா போனில் நேரலை வைத்திருக்கிறார், கேட்கிறதா? 'இதோ, இந்த நொடியில், நம் ஜெசிந்தா சன்னல் வழியே நீல நிறப் பூமியைப் பார்த்துப் புன்னகைக்கிறார். அவர் கண்கள் தன் செல்லக் குழந்தையைத் தேடுகின்றன.' நான் எழுதியதுதான், போன வாரமே எழுதிக் கொடுத்தாயிற்று. வாசிக்கிற பையன் கொஞ்சம் வேகமாக வாசிக்கிறான். தேடுகின்றன என்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தேன்.

அந்த அம்மா என்னிடம்தான் திரும்புகிறார்.

"கைப்பிள்ளைய விட்டுட்டுப் போக எப்படி மனசு வந்துச்சோ. அவளும் பெத்தவதான, நீயும் பெத்தவதான. இப்படி மடியில வச்சிருக்கப் பாரு."

ஆமாம் அம்மா என்றேன். எழுதினவளைத் தவிர யாரையும் அவர் திட்டவில்லை.

தடுப்பை எடுக்கிறார்கள். டிரைவர் ஓடி வருகிறார். வந்துவிடுவோம் அக்கா, இனி எங்கேயும் நிற்காது. மகளுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். உள்ளே போனைக் கொடுக்க மாட்டார்களா? நர்ஸிடமாவது சொல்லச் சொல்லுங்கள், அம்மா வந்துகொண்டிருக்கிறாள் என்று. அந்த ஒரு வாக்கியம் போதும்.

இறங்கிவிட்டதாம். நேரலையில் சொல்கிறார்கள். பாராசூட் விரிந்துவிட்டது, கடலில் பத்திரமாக இருக்கிறதாம். உள்ளே இருந்த இரண்டு பேரும் கையசைக்கிறார்கள். மூன்று பேரும் நலம் என்கிறார் நிரஞ்சன் சார். பயப்பட ஒன்றும் இல்லாமல்தான் இருந்திருக்கிறது அக்கா. போயிருந்தால் இந்நேரம் வந்திருப்பேன். அதனால் என்ன? காலையில் அது யாருக்குத் தெரியும்?

இப்போது அடிப்பது என் போன். பேசிவிட்டுத் திரும்ப அணைக்க மறந்துவிட்டேன்.

வீட்டுக்காரர்.

விருந்தினர் பந்தலில் உட்கார வைத்திருப்பார்கள் அவரை, முதல் வரிசையில். நான் உள்ளே இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குடும்பத்தாருக்குத் தகவல் சொல்வது என் வேலை. கடலில் மிதக்கிறவளுக்கு எதற்குப் போன் செய்கிறார் இந்த மனிதர்? எடுத்தால் நான் போகவில்லை என்று தெரிந்துவிடும். அடித்துக்கொண்டே இருக்கிறது. பிள்ளையைக் காணவில்லை என்று மதினி சொல்லியிருப்பார். அதற்காகத்தான் இருக்கும்.

எடுத்துவிட்டேன்.

பின்னால் கைதட்டுகிற சத்தம்தான் கேட்கிறது. மூச்சு வாங்குகிறது அவருக்கு. அழுகிறார். யாரும் எடுக்க மாட்டார்கள் என்றுதான் போட்டிருக்கிறார், எடுத்தது தெரியவில்லை. எம் மேல கோவமாட்டி, எம் மேல கோவமாட்டி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு... சும்மா இருடா ரெமி. கத்தாதே. ஐயோ.

கேட்டுவிட்டது அவருக்கு.

"யாரு? ஜெசியா? எங்கட்டி இருக்கே?"

"பஸ்ஸுல."

இன்னும் அழுகைதான். இப்போது கொஞ்சம் வேறு மாதிரி. பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறாராம். வந்தால் எனக்கும் அந்த ஒரு வரியைப் பற்றிக் கேட்க வேண்டியது இருக்கிறது, வரட்டும். எந்த பஸ் என்கிறார். டிக்கெட்டைப் பார்க்கலாம் என்றால் பாதியை இவன் மென்றுவிட்டான். நான் எதையும் பார்க்காமல் ஏறிவிட்டேன் அக்கா. இது எங்கே போகிற பஸ்?